எதிர் வீட்டு ஆராய்ச்சி

ஆன்மேரிக்கு ஜெர்மனியில் வாட்ஸப் பார்க்கிற வேலை கிடைக்கப்போகிறது என்ற செய்தி எங்கள் தெருவில் பரவியதற்கு நான்தான் காரணம் என்று சொல்கிறார்கள். நான் பரப்பவில்லை. ஞானசீலன் அண்ணனிடம் மட்டும்தான் சொன்னேன். அவரிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் ஆனையூர் முழுக்கத் தெரிந்துவிடும் என்பது வேறு விஷயம்.

ஆன்மேரி எனக்கு எதிர் வீடு. நாற்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை. ஏன் ஆகவில்லை என்பதற்கு எனக்கு மூன்று காரணங்கள் தெரியும். மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துவராது, அதனால் விட்டுவிடுவோம். மிஷன் காலேஜ் ஒன்றில் சமூகவியலுக்குப் பதினான்கு வருஷமாக கெஸ்ட் லெக்சரர். பதினான்கு வருஷம் ஒரே வீட்டில் விருந்தாளியாக இருந்தவளை நீங்கள் வேறு எங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். அவள் அப்பா போன வருஷத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோனார். தம்பி ஆன்சன் சென்னையில். ஆகவே அந்த வீட்டில் அவளும் நான்கு அறைகளும்தான். சாயங்காலம் முன்னறை லைட் எரியும். பிறகு அது அணைந்து சமையலறை லைட் எரியும். ஒரு நேரத்தில் ஒரு லைட்தான். நான் வேண்டுமென்று பார்ப்பதில்லை. எங்கள் வீட்டு நாற்காலி அந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கிறது.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். பெயர் விக்டோரியா. மிஷன் ஸ்கூல் ஆபீசில் முப்பது வருஷம் கிளார்க். பள்ளிக்கூடத்துக்குள் போய் வந்தாலே இந்த ஊரில் டீச்சர் என்று கூப்பிடுவார்கள், நானும் மறுத்ததில்லை. வீட்டுக்காரர் இல்லை. மகன் ஜெய்சன் கனடாவில் இருக்கிறான். அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறான்.

தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சர்ச்சில் சிலுவைப்பாதைச் செபம் முடிந்து வரும்போது ஆன்மேரி என் பக்கமாக ஒதுங்கி நடந்தாள்.

“அத்தை, ஒரு விஷயம். யார்கிட்டயும் சொல்லாதீங்க.”

“நான் யார்கிட்ட சொல்லப்போறேன்.”

“பெர்லின்ல ஒரு ஆராய்ச்சி மையம். இன்டர்நெட்டால சமூகம் எப்பிடி மாறுதுன்னு பாக்குறவங்க. வருசா வருசம் பத்துப் பன்னெண்டு பேரை எடுத்து, பத்து மாசம் அங்கயே தங்க வெச்சு ஆராய்ச்சி பண்ணச் சொல்றாங்க. சம்பளம், ரூம் எல்லாம் உண்டு. அதுக்குப் போட்டிருக்கேன். முதல் கட்டம் தாண்டிருச்சு.”

“அங்க போய் என்னத்த ஆராயப்போற?”

“நம்ம அன்பியம் வாட்ஸப் குரூப்பை.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அதுக்கு எதுக்குடி ஜெர்மனி? ஞானசீலன் அண்ணன் வீட்டு வாசல்ல உக்காந்தா போதுமே!”

அன்பியம் என்றால் எங்கள் கத்தோலிக்கக் குடும்பங்கள் முப்பது நாற்பது சேர்ந்த ஒரு குழு. வாரம் ஒரு வீட்டில் கூடிச் செபம் சொல்வோம். செபம் கால் மணி நேரம், சுண்டல் அரை மணி நேரம். அதற்கு ஒரு வாட்ஸப் குரூப் இருக்கிறது. அதில் மரண அறிவிப்பு வரும், பிறந்தநாள் வரும், ஆபரேஷனுக்குச் செபிக்கச் சொல்லி வரும், தண்ணி லாரி வந்துவிட்டதா என்று வரும். இதையெல்லாம் படிக்க வெள்ளைக்காரன் சம்பளம் கொடுக்கிறான் என்றால் அவனுக்கு எங்கேயோ பொழுது போகாமல் இருக்கவேண்டும்.

ஆனால் அவள் சிரிக்கவில்லை. “நாலு எடத்துக்குப் போட்டேன் அத்தை. எல்லாத்துலயும் வேண்டாம்னுட்டாங்க. மத்த இடத்துக்கெல்லாம் இனிமே வயசு தாண்டிருச்சு. ஜூன்ல இருந்து காலேஜ்லயும் எனக்குக் கிளாஸ் இல்லையாம். இது ஒண்ணுதான் இருக்கு.”

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். சம்பளத்தையும் ரூமையும் சாதாரணக் குரலில் சொன்னவள் இதைத்தான் ரகசியம்போல் சொன்னாள்.

“அங்க மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லாரும் ஒரே மேசைல ஒண்ணா உக்காரணுமாம் அத்தை. ரூலாவே போட்டிருக்காங்க.”

அதற்குள் தெருமுனை வந்துவிட்டது.

சிக்கல் அடுத்த வாரம் வந்தது. யாருடைய செய்திகளைப் படித்து ஆராயப்போகிறாளோ அவர்களெல்லாம் சம்மதிக்கவேண்டும் என்று பெர்லின்காரர்கள் எழுதிவிட்டார்கள். ஆன்மேரி நல்ல தமிழில், நீளமாக, பத்தி பிரித்து குரூப்பில் ஒரு செய்தி போட்டாள். இன்னின்ன ஆராய்ச்சி, இன்னின்ன காரணம், சம்மதம் உள்ளவர்கள் சம்மதம் என்றும் இல்லாதவர்கள் இல்லை என்றும் தெரிவிக்கவும்.

முதல் பதில் ஐந்து நிமிடத்தில் வந்தது. ஆமென். அடுத்ததும் ஆமென். கும்பிடும் கை மூன்றோடு ஒரு ஆமென். எங்கள் குரூப்பில் நான்கு வரிக்கு மேல் எது வந்தாலும் அது செபம்தான். நீளத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வோம். வாசித்துப் பார்க்கிற வழக்கம் இல்லை. சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டு ஆமென் சேர்ந்துவிட்டது. அதில் முதல் ஆமென் யாருடையது என்று நீங்கள் கேட்கவேண்டாம்.

ஒரே ஒருவர் மட்டும் வேறு பதில் போட்டார். சாமியானா கடை அப்துல் அலீம் பாய். எங்கள் வீடுகளில் நல்லது கெட்டது எதுவானாலும் பந்தலும் சேரும் அவரிடமிருந்துதான் வரும் என்பதால் அவரையும் குரூப்பில் சேர்த்து வைத்திருக்கிறோம். அவர் கேட்டிருந்தார்: “எத்தனை சேர்?”

ஆன்மேரி ஃபோனைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். “அத்தை, ஒருத்தர்கூடப் படிக்கல.”

“படிக்காமத்தான் ஆமென் போடுவாங்க. படிச்சா போடுவாங்களா?”

“இதை அனுப்புனா பெர்லின்ல ஒத்துக்கமாட்டாங்க.”

“பின்ன என்ன செய்வ?”

“வீடு வீடாப் போய் விளக்கிச் சொல்லி, கையெழுத்து வாங்கணும்.” காலேஜில் அறுபது பிள்ளைகள் முன்னால் நின்று பேசுகிறவள். பக்கத்து வீட்டுக் காலிங் பெல்லை அழுத்தக் கூச்சம். அப்பா இருந்தவரை அக்கம்பக்கத்துப் போக்குவரவு எல்லாம் அவர்தான் பார்த்துக்கொண்டார்.

“நான் கூட வாரேன்” என்றேன். துணைக்குத்தான் போனேன். அதோடு முப்பத்துச் சொச்சம் வீடுகளின் உள்ளறை வரைக்கும் ஒரே வாரத்தில் பார்க்கிற வாய்ப்பை ஆண்டவரே தரும்போது தட்டிக்கழிப்பது மரியாதை இல்லை.

முதலில் ஞானசீலன் அண்ணன். ரிட்டயர்டு பி.டி. மாஸ்டர், அன்பியத் தலைவர், குரூப்புக்கு அட்மின். மூன்றுக்கும் சேர்த்து ஒரே விசிலைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளாததுதான் குறை.

“இதுல என் பேரு வருமா?” என்று கேட்டார்.

“எல்லார் பேரையும் மாத்திருவேன் சார். யாருன்னு யாருக்கும் தெரியாது.”

“அன்பியத் தலைவர்னாவது வருமா?”

“வராது சார்.”

“என்னம்மா இது! பேரே வராத பேப்பர்ல எவனாவது கையெழுத்துப் போடுவானா?”

“அண்ணே,” என்றேன் நான், “நீங்க தெனம் போடுற ரோஜாப்பூ குட்மார்னிங்கை ஜெர்மனிக்காரன் பாக்கப்போறான். அதுக்கு மேல என்ன பேரு வேணும்?”

அவர் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட்டு, கேட்காமலே அன்பியத்தின் ரப்பர் ஸ்டாம்பையும் குத்திக் கொடுத்தார்.

எல்லா வீட்டிலும் இதே கதைதான். அவள் தாளை எடுத்து வாசிக்க ஆரம்பிப்பாள். இரண்டாவது வரிக்குள் பேனாவைப் பிடுங்கிவிடுவார்கள். “அட குடும்மா, நம்ம புள்ளைக்குப் போடாம யாருக்குப் போடப்போறோம்” என்பார்கள். முழுதாக வாசிக்க ஒருவரும் விடவில்லை.

நான் கவனித்தது வேறு. முதல் இரண்டு வீட்டில் வாசற்படியில் நின்றே பேசினவள், மூன்றாவது வீட்டில் உட்கார்ந்தாள். ஐந்தாவது வீட்டில் காபி குடித்தாள். அடுத்த நாள் ஒரு வீட்டில் பிள்ளைகளுக்குத் தோசை ஊற்றிக்கொண்டிருந்தார்கள். சாப்பிடுங்க என்று பேச்சுக்குச் சொன்னதற்கு இவள் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மூன்று தோசை. வேலை முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அந்த வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள், நான் சுவரில் மாட்டியிருந்த இயேசுவின் திருஇருதயப் படத்தைப் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

கடைசியாக அலீம் பாய் கடைக்குப் போனோம். பாய் பிளாஸ்டிக் சேர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார்.

“நான் உங்க ஆளு இல்லையேம்மா, என்னையுமா சேக்கணும்?”

“குரூப்ல இருக்கீங்கள்ல பாய்.”

“இருக்கேன், எட்டு வருசமா இருக்கேன். உங்கள்ல யாரு மௌத்தானாலும் எனக்குத்தான் மொதத் தெரியுது. எங்க ஜமாஅத் குரூப்லகூட இம்புட்டு சுருக்கா வராது.” கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். “ஆமா, நீங்க போயிட்டா வீட்டை என்னம்மா செய்வீங்க?”

“தம்பி வாடகைக்கு விடச் சொல்றான் பாய். சாமானெல்லாம் ஒரு ரூம்ல போட்டுப் பூட்டிட்டு.”

“திரும்பி வந்தா?”

“அங்க போய்ட்டா அப்பிடியே வேற எங்கயாவது கிடைக்கும்னு சொல்றாங்க. பாக்கணும்.”

இது எனக்குப் புதுச் செய்தி. எனக்குத் தெரியாத செய்தியை அலீம் பாய் ஒரே கேள்வியில் வாங்கிவிட்டார் என்பது ஒரு அவமானம், அதை விடுங்கள். பத்து மாதம் வீடு பூட்டிக் கிடக்கும், பிறகு திறந்துகொள்ளும் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது எந்த வீட்டு வாசலையும் எட்டிப் பார்க்காமல் நடந்தேன். உடம்புக்கு ஏதாவது செய்கிறதோ என்று ஆன்மேரி இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தாள்.

“உங்ககிட்ட மட்டும் இன்னும் வாங்கல அத்தை” என்றாள் கேட் அருகில்.

“நான் எங்க போயிரப்போறேன். நாளைக்குப் பாப்போம்.”

அந்த நாளை பல நாள் வரவில்லை. அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

மே மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அவளுக்கு இன்டர்வியூ. கம்ப்யூட்டர் வழியாகத்தான். அன்றைக்குப் பார்த்து எதிர் வரிசைக்குக் கரண்ட் போய்விட்டது. எங்கள் தெருவில் இந்த வரிசைக்கு ஒரு ஃபேஸ், அந்த வரிசைக்கு ஒரு ஃபேஸ். ஒரு பக்கம் ஃபேன் சுற்றும்போது மறுபக்கம் விசிறிக்கொண்டிருப்பார்கள். ஆன்மேரி லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். கஞ்சி போட்ட காட்டன் புடவை, நெற்றியெல்லாம் வேர்வை.

“அத்தை, வை-ஃபை இருக்குல்ல?”

இருந்தது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஜெய்சன் போட்டுவிட்டுப் போனான். வாசலில் ஒரு கேமராவும் மாட்டினான். அங்கிருந்தே என்னைப் பார்க்கலாமாம். பார்க்கிறானா என்று தெரியாது. வாசல் கூட்டும்போது சும்மா ஒரு தடவை நிமிர்ந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

அவளை முன்னறையில் உட்காரவைத்துவிட்டு நான் சமையலறைக்குப் போனேன். முருங்கைக்கீரை ஆய்ந்தால் சத்தம் வராது. அதை எடுத்துக்கொண்டு கதவோரமாக உட்கார்ந்தேன். பேச்செல்லாம் இங்கிலீஷில்தான். முப்பது வருஷம் ஸ்கூலிலிருந்து போகிற இங்கிலீஷ் லெட்டர் அத்தனையும் டைப் அடித்தவள் நான். ஆன்மேரி அதை மறந்துவிட்டாள் போலிருக்கிறது. மறக்கவில்லையோ என்னவோ.

மூன்று பேர் இருந்தார்கள். முதலில் அவள் மனப்பாடம் செய்ததை ஒப்பித்தாள். அது பெரிய பெரிய வார்த்தைகளாக, தேர்வுத்தாள் வாசிக்கிற மாதிரி இருந்தது. எனக்கே கொட்டாவி வந்தது, அவர்களுக்கு வந்திருக்காதா? ஒரு ஆண் குரல், எல்லா ஊரிலும் இப்படிக் குழுக்கள் இருக்கின்றனவே, உங்களுடையதில் என்ன விசேஷம் என்றது. அவள் திணறினாள். எழுந்து போய் முதுகில் ஒரு தட்டுத் தட்டலாமா என்றிருந்தது.

அப்போது வயதான ஒரு பெண் குரல் மெதுவாகக் கேட்டது. “இதில் உங்களுக்கு என்ன தெரியவேண்டும்? எங்களுக்கு இல்லை, உங்களுக்கு.”

ஆன்மேரி இப்போது தன் சொந்தக் குரலில் பேசினாள்.

“எங்கள் குரூப்பில் ஒரு பெண்மணி இருக்கிறார். காலையில் முதல் செய்தி அவருடையதுதான். யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் வாழ்த்துவார், யார் எதைப் போட்டாலும் பதில் போடுவார். அவர் போடுவதற்கு யாரும் பதில் போடுவதில்லை. அவர் என்ன போடுவார் தெரியுமா? இன்று ஆனையூரில் மழை. இன்று வைகையில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மல்லிகை கிலோ இன்ன விலை. நாங்கள் எல்லோரும் அதே தெருவில் இருக்கிறோம். ஜன்னலைத் திறந்தால் மழை தெரியும். எங்களுக்கு ஏன் இதைச் சொல்கிறார் என்று ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை. பிறகு உறுப்பினர்களின் நம்பர்களைப் பார்த்தேன். அதில் ஒரே ஒரு வெளிநாட்டு நம்பர். அவருடைய மகன். அந்த நம்பரிலிருந்து இதுவரை ஒரு வார்த்தை வந்ததில்லை.”

“மகனுக்கு நேராக அனுப்பலாமே?” என்றது அந்த ஆண் குரல்.

“நேராக அனுப்பினால், பதில் வராதது தெரிந்துவிடும். எழுபது பேர் இருக்கிற இடத்தில் அனுப்பினால், பதில் வராதது சாதாரணம்.”

கீரை என் மடியில் கிடந்தது.

“எழுபது பேருக்குச் சொல்வதுபோல் ஒருவருக்குச் சொல்வது” என்றாள் ஆன்மேரி. “என் ஆராய்ச்சி அதுதான். மற்றதெல்லாம் அதைச் சுற்றித்தான்.”

“அவர் சம்மதித்துவிட்டாரா?” என்று பெண் குரல் கேட்டது.

“எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். அவர் ஒருவரிடம்தான் இன்னும் கேட்கவில்லை.”

“ஏன்?”

“பயமாக இருக்கிறது.”

“மறுத்துவிட்டால்?”

“அவரை எடுத்துவிடுவேன். எடுத்தால், மிச்சம் இருப்பது நான் முதலில் வாசித்தது மட்டும்தான்.”

நாளை மாலைக்குள் தெரியப்படுத்துங்கள் என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள்.

லேப்டாப்பை மூடுகிற சத்தம் கேட்டது. நான் கீரையை வேகவேகமாக உருவ ஆரம்பித்தேன். ஆன்மேரி வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

“என்ன சொன்னாங்க?” என்றேன்.

“அத்தை, உங்களுக்குக் கேட்டுச்சுல்ல.”

“எனக்குக் கீரை ஆயவே நேரம் சரியா இருந்துச்சு.”

அவள் தரையில் உட்கார்ந்து ஒரு கொத்தை எடுத்து உருவத் தொடங்கினாள். கீரையைச் சேர்க்கவேண்டிய இடத்தில் காம்பையும் காம்பைப் போடவேண்டிய இடத்தில் கீரையையும் போட்டு வைத்திருந்தேன். அதையும் அவளே சரிசெய்தாள். எனக்குக் கோபமாகத்தான் இருந்தது. என்னைப் பற்றி மூன்று வெள்ளைக்காரர்களிடம், அதுவும் என் வீட்டு முன்னறையில், என் வை-ஃபையிலேயே பேசியிருக்கிறாள். அதிலும் எனக்குப் பொறுக்காதது, விஷயத்தை அரைகுறையாகப் பேசியதுதான்.

“தப்பாச் சொல்லிட்ட” என்றேன்.

“எதை அத்தை?”

“பதில் வராதுன்னு சொன்னியே.”

ஃபோனை எடுத்தேன். காலையில் போட்டது, ‘இன்று விடியும்போதே வெயில் கொளுத்துகிறது’. அதை அழுத்திப் பிடித்தால் யார் யார் படித்தார்கள் என்று பெயர் பெயராக வரும். வரிசையாகத் தள்ளிக்கொண்டே போனேன். ஞானசீலன், அலீம் பாய், அவள், இவள். அடியில் ஜெய்சன்.

“இந்தா, பாரு. அங்க ராத்திரி படுக்கப்போகும்போது பாத்திருக்கான். முந்தாநாள் போட்டதையும் பாத்திருக்கான். எல்லாத்தையும் பாத்துருவான். மழைன்னு போட்டா சுருக்கா பாப்பான். பூ விலைக்குத்தான் கொஞ்சம் லேட்டாகும்.”

அவள் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்கிரீன் தானாக அணைந்தது.

“இதை நான் எழுதலாமா அத்தை?”

ஒருத்தரைப் பற்றிப் பேசுவதற்கு அவரிடமே கேட்கவேண்டும் என்று ஒரு முறை இருக்கிறதாம். எல்லோரும் அப்படி ஆரம்பித்தால் இந்தத் தெருவில் பேச்சே இருக்காது.

“எழுதுனா நீ போயிருவ.”

“ஆமா.”

“எழுதலைன்னா இங்கதான் இருப்ப.”

“ஆமா அத்தை.” கொண்டுவந்திருந்த சம்மதத் தாளை எடுத்து உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்தாள். “நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் நேரம் இருக்கு. நீங்க வேண்டாம்னா நான் ஒண்ணும் நினைக்கமாட்டேன். போறேன்.”

அன்று சாயங்காலம் நான் அந்த நாற்காலியில் உட்காரவில்லை. டி.வி. போட்டேன். ஜெய்சனுக்கு என்ன, அவன் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான். இவளும் போனால் என்ன? பத்து மாதம்தானே என்று சொல்லிக்கொள்ளலாம் என்றால், அலீம் பாய் அதையும் கெடுத்துவைத்திருக்கிறார். எதிர் வீட்டுக்கு வேறு யாரோ வருவார்கள். இப்போதெல்லாம் வாடகைக்கு வருகிறவர்கள் கதவைச் சாத்திக்கொள்கிறவர்கள். நான் கையெழுத்துப் போடாவிட்டால் யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. ‘என்னைப் பத்தி ஊருக்குச் சொல்ல நான் ஏன் ஒத்துக்கணும்’ என்றால் தெருவே என் பக்கம்தான் நிற்கும். ஞானசீலன் அண்ணன் முதல் ஆளாக நிற்பார். நியாயம் முழுக்க என் கையில் இருந்தது. இப்படி முழு நியாயம் கைக்கு வருவது அபூர்வம். அனுபவிக்கத்தான் முடியவில்லை.

மறுநாள் மத்தியானம் ஜன்னல் பக்கம் போனேன். எதிர் வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. ஆன்மேரி தட்டை மேடையில் வைத்து நின்றுகொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர்ச் செம்பில் ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தாள். அதில் யாரோ நான்கு பேர் உட்கார்ந்து ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்தபோது இவளும் சிரித்தாள். தட்டைத் தூக்கிக்கொண்டு ஃபோன் பக்கம் கொஞ்சம் நகர்ந்துகொண்டாள்.

நான் பார்த்ததை அவள் பார்க்கவில்லை. ஜன்னலை விட்டு நகர்ந்தேன். என் தட்டும் மேடையில்தான் இருந்தது. நானும் நின்றுகொண்டுதான் சாப்பிட்டிருக்கிறேன்.

செருப்பு மாட்டாமலே தெருவைக் கடந்து போனேன். தார் ரோடு சுட்டது.

“இந்தா, வாசி” என்று தாளை நீட்டினேன்.

“கையெழுத்து…”

“மொதல்ல வாசிடி. அத்தனை பேரும் படிக்காமப் போட்டாங்க, ஒருத்தியாவது கேட்டுட்டுப் போடுறேன்.”

அவள் கையைக் கழுவிவிட்டு வந்து வாசித்தாள். முதல் வரியிலிருந்து. பெயர் வெளியிடப்படாது. குரல் பதிவு செய்தால் முன்கூட்டியே சொல்லப்படும். எனக்குப் பிடிக்காத கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியதில்லை. நடுவில் ஒரு வரி வந்தது: “பங்கேற்பாளர் எந்த நேரத்திலும், காரணம் எதுவும் சொல்லாமல், விலகிக்கொள்ளலாம்.”

“நில்லு” என்றேன். “நடுவுல நான் விலகிக்கிட்டா, நீ திரும்பி வந்துருவியா?”

அவள் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் விளையாட்டாகக் கேட்கிறேனா என்று அவளுக்குச் சந்தேகம். எனக்கும்தான்.

“வரமாட்டேன் அத்தை. உங்களை மட்டும் எடுத்துருவேன்.”

பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. ஒரு பேச்சுக்காவது வருவேன் என்று சொல்லியிருக்கலாம்.

“பேனா குடு” என்றேன்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். குரூப்பில் அவள் நன்றி சொல்லி இரண்டே வரிதான் போட்டாள், அதனால் எல்லோரும் வாசித்தார்கள். செப்டம்பரில் கிளம்பினாள். ஆன்சன் வந்து சாமானை எல்லாம் ஒரு அறையில் அடைத்துவிட்டு வீட்டைக் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற புருஷன் பெண்டாட்டிக்கு விட்டுவிட்டான். இரண்டு பேரும் வீட்டிலிருந்தே வேலை. ஜன்னலுக்குக் கனமான திரை போட்டிருக்கிறார்கள். வந்து ஒரு மாதமாகிறது. அந்தப் பெண்ணின் பெயர் மீனா என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. நம்புங்கள், முயற்சிக் குறைவு இல்லை.

ஆன்மேரி வியாழக்கிழமை தோறும் கூப்பிடுகிறாள். ஆராய்ச்சிக்காகத்தான். ஒரு மணி நேரம் என்னிடம் கேள்வி கேட்கவேண்டும் என்று அங்கே ஒப்புக்கொண்டிருக்கிறாளாம்.

“அத்தை, இது ரெக்கார்ட் ஆகுது. பரவாயில்லையா?”

“ஆகட்டும். நீ சாப்பிட்டியா? பக்கத்துல யாரு உக்காந்தா?”

“அதெல்லாம் அப்புறம் சொல்றேன். இன்டர்நெட்டை நீங்க முதல் முதலா எப்பப் பாத்தீங்க, அதைச் சொல்லுங்க.”

போன வாரமும் அதைத்தான் கேட்டாள், அதற்கு முந்தின வாரமும். என்னிடம் மொத்தமே ஒரு ஐந்து நிமிடத்துக்கான பதில்தான் இருக்கிறது. ஜெய்சன் ஃபோன் வாங்கிக் கொடுத்தான், வாட்ஸப் போட்டுக் கொடுத்தான், விமானம் ஏறினான். அதைச் சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடும்; அடுத்த வியாழக்கிழமை அவள் வேறு யாரையாவது கூப்பிடவேண்டியதுதான்.

ஆகவே நான் அவசரப்படவில்லை. ஸ்கூலில் கறுப்பு ஃபோன் ஒன்று பூட்டுப் போட்டு வைத்திருந்ததிலிருந்து ஆரம்பித்திருக்கிறேன். டிரங்க் கால் இரண்டு வாரம் ஓடியது. ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டர் தந்தி அடிக்க என்னை அனுப்பியது ஒரு வாரம். இந்த வியாழக்கிழமை தந்தி ஆபீஸ் வாசலில் என் வீட்டுக்காரரை முதன்முதலாகப் பார்த்தது வரைக்கும் வந்திருக்கிறோம்.

“அத்தை, இன்டர்நெட்…” என்று இழுத்தாள்.

“வாரேன்டி, அதுக்குத்தானே வந்துக்கிட்டிருக்கேன்” என்றேன்.